பிரசவத் தையல் சீழ் பிடிக்காமல் இருக்க: எந்த ஊசி, எப்போது, அதன்பின் வீட்டில் என்ன செய்வது

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம், மர்பி டவுன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பிள்ளை பெற்றவளைப் பார்க்க வருகிறவர்கள், குழந்தையின் எடையை விசாரித்த கையோடு கேட்பது, "தையலுக்கு என்ன மாத்திரை கொடுத்தார்கள்?" என்பதுதான். ஐந்து நாள் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்த டாக்டர் அக்கறையானவர் என்றும், வலி மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் மட்டும் கொடுத்து அனுப்பியவர் அலட்சியமானவர் என்றும் நமக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. பிரசவ வார்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் கணக்கு பெரும்பாலும் தலைகீழானது. தையலைச் சீழிலிருந்து காப்பது சரியான நேரத்தில் போடப்பட்ட ஒரே ஒரு ஆன்டிபயாடிக் ஊசியும், வீட்டில் முதல் இரண்டு வாரம் நடக்கும் கவனிப்பும்தான். நடுவில் விழுங்கும் மாத்திரைகளுக்கு நாம் நினைக்கும் அளவுக்குப் பங்கில்லை.

காரணம் எளிது. கத்தி வைக்கும் நேரத்தில் தோலிலும் உள்ளேயும் இருக்கும் கிருமிகள் வெட்டிய திசுவில் இறங்குகின்றன. அந்த நேரத்தில் மருந்து இரத்தத்தின் வழியே திசுவுக்குள் போய்ச் சேர்ந்திருந்தால் அவை வேர் பிடிக்க முடியாது. காயத்தைத் தைத்து மூடிப் பல மணி நேரம் கழித்து மாத்திரை கொடுத்தால், கிருமி ஏற்கனவே குடியேறி முடித்திருக்கும். பாஸ்டனில் ஜான் பர்க் என்ற அறுவை மருத்துவர் 1961இல் வெளியிட்ட விலங்குச் சோதனைகளிலேயே இது தெளிவாகிவிட்டது. மருந்து தாமதமாகத் தாமதமாக அதன் பலன் குறைந்து, சில மணி நேரத்தில் இல்லாமலே போயிற்று. பிரசவ அறைகளில் இது பழக்கமாக வருவதற்குத்தான் பல ஆண்டுகள் பிடித்தன.

எந்தப் பிரசவத்துக்கு எது

சிசேரியன் என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை. முன்கூட்டியே நாள் குறித்துச் செய்வதானாலும், வலி கண்டு நள்ளிரவில் அவசரமாகச் செய்வதானாலும், தடுப்பு ஆன்டிபயாடிக் போட வேண்டும். தோலைக் கீறுவதற்கு முன், 30 முதல் 60 நிமிடத்துக்குள், இரத்தக் குழாய் வழியாகப் போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலும் செஃபசோலின் போன்ற விலை குறைந்த பழைய மருந்தே போதும். முன்பெல்லாம் மருந்து குழந்தைக்குப் போய்விடுமோ என்ற தயக்கத்தில் தொப்புள்கொடியை வெட்டிய பிறகுதான் ஊசி போட்டார்கள். கீறலுக்கு முன் போட்டால் தாய்க்குத் தொற்று மேலும் குறைகிறது, குழந்தைக்குத் தீங்கு கூடவில்லை என்று தெரிந்த பிறகு அந்த வழக்கம் மாறியது. இந்த ஊசியால் சிசேரியன் காயத்தில் தொற்று பாதிக்கும் மேல் குறைகிறது. அறுவை நீண்டுகொண்டே போனாலோ, இரத்தம் நிறையப் போனாலோ அறுவைக்கு நடுவில் இன்னொரு முறை கொடுப்பார்கள். முடிந்த பிறகு, வேறு காரணம் இல்லாத நிலையில், "தடுப்புக்காக" நாள்கணக்கில் தொடர வேண்டாம் என்பதும் அதே நிறுவனத்தின் அறிவுரைதான்.

ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம், அதாவது ஃபோர்செப்ஸ் அல்லது வேக்குவம் வைத்து எடுத்தது, அண்மைக்காலம் வரை இரண்டுங்கெட்டானாக இருந்தது. பிரிட்டனில் 27 மருத்துவமனைகளில் 3,427 பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வு அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. பிரசவம் முடிந்த 6 மணி நேரத்துக்குள் அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த ஊசியை ஒரே ஒரு முறை போட்டவர்களில் தொற்று கண்டவர்கள் 11 சதவீதம். மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களில் 19 சதவீதம். தையல் பிரிவதும், கீழே வலி நீடிப்பதும்கூடக் குறைந்தன. எனக்கு இதில் பிடித்த செய்தி இன்னொன்று உண்டு: தடுப்புக்காக 100 முறை மருந்து கொடுத்தால், பின்னால் தொற்றுக்காகக் கொடுக்க வேண்டியிருந்த 168 முறை மிச்சமாகியது. ஆன்டிபயாடிக்கை முன்னால் கொடுப்பதே ஆன்டிபயாடிக்கைக் குறைக்கும் வழியாக அமைவது அபூர்வம். இதன்பின் 2021இல் உலக சுகாதார நிறுவனம் ஆயுதப் பிரசவத்துக்கும் தடுப்பு ஊசியைப் பரிந்துரைத்தது.

ஆசனவாயைச் சுருக்கும் தசை வரைக்கும் கிழிந்த மூன்றாம், நான்காம் நிலைக் கிழிசலுக்கும், நஞ்சுக்கொடி தானாக வராமல் கையை விட்டு எடுத்த பிரசவத்துக்கும் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். ஆனால், சிக்கலில்லாத சுகப்பிரசவத்தில் சிறு கிழிசலுக்கோ, வழி போதாமல் வெட்டித் தைத்ததற்கோ, அதற்காக மட்டுமே எல்லோருக்கும் கொடுப்பதை அந்த நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. "எதற்கும் இருக்கட்டும்" என்று கொடுக்கப்படும் மாத்திரைகள் அதிகமாக இருப்பது இங்கேதான். அதற்கு விலை உண்டு. தாய்க்கு வயிற்றுப்போக்கும் பூஞ்சைத் தொற்றும் வரலாம், பால் குடிக்கும் குழந்தைக்கு மலம் இளகலாம்; அதைவிட, நாளைக்கு உண்மையாகவே சீழ் பிடித்தால் அந்த மருந்துக்கு அடங்காத கிருமியை நாமே வளர்த்து வைத்திருப்போம். பிரசவ நேரத்திலேயே காய்ச்சல் இருந்தது, பனிக்குடம் உடைந்து நெடுநேரம் ஆனது என்பன போன்ற காரணங்களுக்காகக் கொடுப்பது வேறு; அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பிரசவ வலியின்போது அசித்ரோமைசின் 2 கிராம் ஒரே வேளையாகக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்றும் 2023இல் வெளியானது. ஏழு நாடுகளில், சுகப்பிரசவத்தை எதிர்பார்த்திருந்த 29,278 பெண்கள் அதில் இருந்தார்கள். நம் கர்நாடகத்துப் பெலகாவியும், மகாராஷ்டிரத்து நாக்பூரும் ஆய்வு நடந்த இடங்கள். தாய்க்குக் கடும் தொற்றோ மரணமோ நேர்ந்தது 2.4 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. குழந்தைகளுக்கு அப்படிப் பலன் தெரியவில்லை. இதை யாருக்குக் கொடுப்பது என்பது மருத்துவமனை எடுக்க வேண்டிய முடிவு. வலி கண்டவுடன் வீட்டிலேயே கடையில் வாங்கி விழுங்குவதற்கான மருந்து அது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்

முதலில், வீட்டில் ரேசர் வைத்து மழிக்காதீர்கள். "சுத்தமாகப் போக வேண்டும்" என்று அக்காவோ அம்மாவோ செய்துவிடும் இந்த வேலைதான் கண்ணுக்குத் தெரியாத நூறு கீறல்களை உண்டாக்கிக் கிருமிக்கு வாசல் திறக்கிறது. சுகப்பிரசவத்துக்கு மழிக்கவே தேவையில்லை. சிசேரியனுக்குத் தேவைப்பட்டால் அங்கே கத்தரிக்கும் கருவியால் குறைத்துக்கொள்வார்கள். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் போனால் போதும்.

இரண்டாவது, மருந்து ஒவ்வாமை. பெனிசிலின் போட்டபோது உடம்பு தடித்தது, மூச்சு முட்டியது என்ற வரலாறு இருந்தால் அதைத் தாய் அட்டையின் மேல் பக்கத்திலேயே பெரிதாக எழுதச் சொல்லுங்கள். எந்த மருந்து, என்ன ஆயிற்று, எப்போது என்ற மூன்றும் வேண்டும். "ஊசி ஒத்துக்கொள்ளாது" என்று மட்டும் சொன்னால் மருத்துவர் நல்ல மருந்தை விட்டு இரண்டாம்தர மருந்துக்குப் போக வேண்டி வரும். மாத்திரை சாப்பிட்டால் வயிறு புரட்டுவது ஒவ்வாமை ஆகாது.

மூன்றாவது, இரத்தசோகையும் சர்க்கரையும். இவை இரண்டும் கட்டுக்குள் இல்லாவிட்டால் எந்த ஊசி போட்டாலும் காயம் ஆறத் தாமதமாகும். ஏழாம் மாதத்திலேயே ஹீமோகுளோபின் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காக விழுங்குவது தையலுக்குச் செய்யும் முன்னேற்பாடுதான்.

சிசேரியன் என்று முடிவானால், கூட இருப்பவர் கையெழுத்துப் போடும்போதே, "கத்தி வைப்பதற்கு முன் ஆன்டிபயாடிக் போட்டுவிடுவீர்களா?" என்று மரியாதையாகக் கேட்கலாம். யாரும் கோபித்துக்கொள்ள நியாயமில்லை. கடந்த 60 நிமிடத்துக்குள் தடுப்பு ஆன்டிபயாடிக் கொடுத்தாயிற்றா என்பது, அறுவை தொடங்கும் முன் எல்லோரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த சரிபார்ப்புப் பட்டியலிலேயே உள்ள கேள்வி.

டிஸ்சார்ஜ் நாளில்

காரைக் கூப்பிடும் அவசரத்தில் தாளை மடித்துப் பையில் போட்டுவிடாமல், நின்று கேளுங்கள். கிழிசல் எந்த நிலை? தையல் நூல் தானே கரைவதா, பிரிக்க வர வேண்டுமா, வர வேண்டுமானால் எந்தத் தேதி? ஆன்டிபயாடிக் எழுதியிருந்தால், அது தடுப்புக்கா, இருக்கும் தொற்றுக்கா? "தடுப்புக்குத்தான்" என்றால், "ஊசி போட்டாயிற்றே, இன்னும் வேண்டுமா?" என்று அடுத்த கேள்வியையும் கேட்கலாம். சிகிச்சைக்கு என்றால் சொன்ன நாள்வரை ஒரு வேளையும் விடாமல் முடிக்க வேண்டும். எதுவானாலும், இங்கே படித்ததை வைத்துக்கொண்டு நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். உங்கள் காயத்தைப் பார்த்தவர் அவர்.

கடைக்காரரிடம் கேட்டு வாங்குவது அதைவிடத் தவறு. செஃபிக்சிம் உள்ளிட்ட பல ஆன்டிபயாடிக்குகளை 2014 மார்ச் முதல் அரசு எச்1 அட்டவணையில் வைத்திருக்கிறது. மருந்துச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, வாங்கியவர் பெயரைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். பக்கத்து வீட்டு மருமகளுக்கு மிஞ்சிய நான்கு மாத்திரைக்கு எந்தப் பதிவேடும் கிடையாது. அதனால்தான் அது இன்னும் ஆபத்தானது.

வீட்டில்

பிரசவக் காயத்துத் தொற்றில் பெரும்பகுதி வீட்டுக்கு வந்த பிறகுதான் வெளிப்படுகிறது. சிசேரியன் தையலில் சீழ் பெரும்பாலும் நான்காம் நாளுக்குப் பிறகு தலைகாட்டும். அதற்குள் பலர் டிஸ்சார்ஜ் ஆகியிருப்பார்கள். ஆகவே இனிமேல் நர்ஸ் வேலை அம்மாவுக்கும் மாமியாருக்கும் கணவருக்கும் வந்து சேர்கிறது.

கீழே தையல் உள்ளவர்கள் பேடு மாற்றும் முன்பும் பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முன்பு கழுவுவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பேடு நனையவில்லை என்றாலும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுவதும், சிறுநீரும் மலமும் கழித்த ஒவ்வொரு முறையும் முன்னிருந்து பின்னாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுப்பதும் போதும். தேய்க்கக் கூடாது. டேங்கர் தண்ணீரையோ டிரம்மில் பிடித்துவைத்த தண்ணீரையோ நம்பியிருக்கும் வீடுகளில், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை ஒரு மூடிபோட்ட பாத்திரத்தில் இதற்கென்று தனியாக வைத்துக்கொள்ளலாம். அதில் டெட்டால் கலக்கத் தேவையில்லை. ஆறுகிற திசுவை அது எரிச்சலூட்டும். பழைய வேட்டித்துணி வைப்பவர்கள் அதை நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். பெங்களூரின் மழைநாளில் உள்ளறைக் கொடியில் ஈரம் காயாமல் கிடக்கும் துணியை வைப்பதைவிடக் கடையில் வாங்கும் பேடு மேல்.

முதல் நாள் வீக்கத்துக்குத் துணியில் சுற்றிய ஐஸ் கட்டி உதவும். அதன்பின் வெதுவெதுப்பான நீர் நிறைந்த அகலமான பேசினில் பத்து நிமிடம் உட்கார்ந்து எழுவது வலிக்கு இதமானது. மலச்சிக்கல்தான் தையலுக்குப் பெரிய எதிரி. முக்கி முக்கிப் போகும்போது கிழிகிற வலி தாங்க முடியாது.

இந்த இடத்தில் பத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுறாப் புட்டும் முருங்கைக்கீரையும் புரதமும் இரும்பும் உள்ளவை, காயம் ஆற உதவுபவை, பூண்டுக் குழம்போடு தாராளமாகக் கொடுங்கள். பிரசவ லேகியத்தையும், பிள்ளை பெற்றவளுக்கு உள்ளுக்குக் கொடுக்கும் காய மருந்தையும் யாரும் விடச் சொல்லவில்லை. ஆனால் "தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும், தையலில் நீர் கோத்துக்கொள்ளும்" என்று சொல்லித் தாகத்தோடு போட்டு வைப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. மலம் இறுகுவதும், பால் கொடுப்பவள் வாடுவதும்தான் மிச்சம். காய்கறியும் பழமும் தண்ணீரும் தையலுக்கு நல்லவை.

சிசேரியன் காயத்தின் மேல்கட்டைப் பொதுவாக ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள். நீர் புகாத ஒட்டுக்கட்டு போட்டிருந்தால் அவர்கள் சொன்ன நாள்வரை அதைத் தொடாதீர்கள். குளிக்கலாம், குளித்தபின் காயத்தை ஒற்றி உலர்த்துவதுதான் முக்கியம். வயிற்று மடிப்பு காயத்தின் மேல் விழுகிற உடல்வாகு என்றால் அங்கே வியர்வை தேங்கும். படுத்துக்கொண்டு மடிப்பைத் தூக்கிச் சற்றுக் காற்றுப் பட வைக்க வேண்டும். வயிற்றை இறுகச் சுற்றும் துணிக்கட்டுக்குக் காயம் ஆறும்வரை பொறுத்திருங்கள். இடுப்பிலும் வயிற்றிலும் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை அடித்து ஊற்றும் பதினோராம் நாள் குளியல் சுகப்பிரசவத்துக்கென்று வந்த வழக்கம். அறுத்துத் தைத்த வயிற்றுக்கு வேண்டாம்.

தையலின் மேல் எதையும் பூசாதீர்கள். என் தங்கை மகளுக்கு ஐந்தாம் நாள் தையல் ஓரம் லேசாகச் சிவந்திருந்தது. "மஞ்சள் கிருமியைக் கொல்லும்" என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து அப்பிவிட்டார். மேலே படிந்த மஞ்சள் நிறத்தில் சிவப்புப் பரவியது யாருக்கும் தெரியவில்லை. எட்டாம் நாள் தையல் விட்டது. மஞ்சளைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பார்க்க வேண்டியதை அது மறைத்துவிட்டது என்பதுதான் என் வருத்தம். கடையில் விற்கும் ஆன்டிபயாடிக் பவுடரும் இதே வேலையைத்தான் செய்கிறது.

எப்போது ஓட வேண்டும்

நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி, மூன்றாம் நாளுக்குப் பிறகு கூடினால் அதுவே முதல் அறிகுறி. சிவப்பு பரவுவது, தொட்டால் சுடுவது, தையல் ஓரம் விலகுவது, சீழ் அல்லது கலங்கிய நீர் வடிவது, இரத்தப்போக்கில் துர்நாற்றம், அடிவயிற்று வலி, மலத்தையோ வாயுவையோ அடக்க முடியாமை ஆகிய எதைக் கண்டாலும் அன்றைக்கே பிரசவம் பார்த்த இடத்துக்குப் போக வேண்டும். உடல் சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலும் அப்படியே. பாராசிட்டமால் காய்ச்சலை மறைக்கும் என்பதால், மாத்திரை போடும் முன் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உடம்பு தூக்கிப்போடும் குளிர், வேகமான மூச்சு, படபடப்பு, சிறுநீர் குறைவது, பேச்சு தடுமாறுவது, ஆளே மந்தமாவது என்றிருந்தால் காயத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், 108ஐ அழையுங்கள். தொற்று இரத்தத்தில் கலந்துவிட்டதன் அறிகுறிகள் இவை. அப்போது காய்ச்சல் இல்லாமல் உடம்பு சில்லிட்டும் இருக்கலாம். மணிக்கணக்கில் உயிர் போகக்கூடிய நிலை அது.

ஊரிலிருந்து மகளின் பிரசவத்துக்காக வந்திருக்கும் அம்மாக்களுக்குக் கன்னடம் நாலு வார்த்தை உதவும். தையல் "ஹொலிகெ", சீழ் "கீவு", காய்ச்சல் "ஜ்வர", வலி நம்முடைய "நோவு"தான். "ஹொலிகெ ஜாகதல்லி கீவு பர்தா இதெ" என்றால் தையல் இடத்தில் சீழ் வருகிறது என்று பொருள். ஒரே ஒரு சொல்லில் எச்சரிக்கை வேண்டும். நர்ஸ் "சளி இதெயா?" என்று கேட்டால் அவர் கேட்பது குளிர் நடுக்கத்தை. மூக்குச்சளியை நினைத்துக்கொண்டு "இல்லை" என்று தலையாட்டிய தமிழ்த் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். வாணி விலாஸ், கோஷா போன்ற அரசு மருத்துவமனைகளில் பிரசவத்துக்குப் பிந்தைய சிக்கலுக்கும் சிகிச்சையும் மருந்தும் இலவசம். 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் 2014இல் அதற்கும் விரிவாக்கப்பட்டது. பிறந்த குழந்தையைப் பார்க்க 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வரும் ஆஷா பணியாளரிடம், வெட்கப்படாமல் தையலையும் காட்டிவிடுங்கள்.

தொற்று என்று உறுதியானால் மருந்து மாறும், முறையும் மாறும். சீழைப் பரிசோதனைக்கு எடுத்துவிட்டு, சில தையல்களைத் திறந்து வடியவிட்டு, பிறகுதான் ஆன்டிபயாடிக் முழுக் கெடுவுக்குக் கொடுப்பார்கள். திறந்த காயத்தை உடனே தைக்காமல் உள்ளிருந்து ஆறவிடுவதும் உண்டு. அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. பெரும்பாலான மருந்துகளோடு தாய்ப்பாலைத் தொடரலாம், எழுதும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் துணையாக ஒரு சிறிய பழக்கம். தினமும் காலையில் குளித்தபின், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், வயிற்றுத் தையலைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். வார்டில் பார்க்கும் புது டாக்டருக்கு நேற்றைய சிவப்பு எவ்வளவு, இன்றைய சிவப்பு எவ்வளவு என்பதை அந்த இரண்டு படங்களே சொல்லிவிடும்.